போக்கரில் இருக்கை நிலை

இருக்கை நிலை என்பது போக்கர் சீட்டாட்டத்தின் பந்தயச் சுற்றில் ஓர் ஆட்டக்காரர் எத்தனையாவது ஆளாக முடிவெடுக்கிறார் என்பதைக் குறிக்கும். கையிலுள்ள சீட்டுகளைப் போலவே இதுவும் ஆட்ட உத்தியைத் தீர்மானிக்கிறது. ஓரிடத்தில் கைவிடத் தக்க இரண்டு சீட்டுகள், வேறோர் இடத்தில் பணயத்தைக் கூட்டத் தக்கவை ஆகலாம். இக்கட்டுரை பரவலாக ஆடப்படும் டெக்சாஸ் ஹோல்டெம் வகையைப் பற்றியது.

ஆடும் வரிசை

இவ்வகையில் ஒவ்வொருவருக்கும் இரண்டு மறைச்சீட்டுகள் வழங்கப்படும். பின்னர் மேசை நடுவில் முதலில் மூன்று, அடுத்து ஒன்று, கடைசியில் ஒன்று என ஐந்து பொதுச்சீட்டுகள் திறக்கப்படும். மறைச்சீட்டு வழங்கியதும் ஒரு முறையும், ஒவ்வொரு திறப்புக்குப் பின் ஒரு முறையுமாக நான்கு பந்தயச் சுற்றுகள் உண்டு.

சீட்டுப் போடுபவரின் இடத்தைக் காட்ட 'பட்டன்' எனப்படும் வட்டு வைக்கப்படுகிறது. அது ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் இடப்புறமாக அடுத்தவருக்கு நகரும். வட்டுக்கு இடப்புறம் உள்ள இருவர் சீட்டைப் பார்க்கும் முன்னரே கட்டாயப் பணயம் கட்ட வேண்டும். இவை ஸ்மால் பிளைண்ட், பிக் பிளைண்ட் எனப்படும். முதற் சுற்றில் இவ்விருவருக்கு அடுத்தவர் தொடங்குவார். இவர்கள் கடைசியில் பேசுவர். பிந்திய மூன்று சுற்றுகளில் வட்டுக்குரியவரே கடைசியாகப் பேசுவார். இருவர் மட்டுமே ஆடும்போது வட்டுக்குரியவர் சிறு பணயத்தைக் கட்டி, முதற் சுற்றில் முதலாவதாகவும் பின்னர் கடைசியாகவும் பேசுவார்.

பிந்திப் பேசுவதன் பயன்

ஒன்பது பேர் அமர்ந்த மேசையில் முதலில் பேசுபவருக்குப் பின்னால் எட்டுப் பேர் காத்திருக்கின்றனர். 52 சீட்டுகளில் இருந்து இரண்டிரண்டாக 1,326 சேர்க்கைகள் அமையும். அவற்றுள் ஏஸ், ராஜா, ராணி ஆகியவற்றின் இணைகள் 18. எட்டுப் பேரில் ஒருவரிடமாவது இத்தகைய இணை இருக்கும் வாய்ப்பு ஏறத்தாழ 10 விழுக்காடு. முன்னவர் அனைவரும் விலகிவிட்டால் வட்டுக்குரியவருக்குப் பின்னால் இருவரே எஞ்சுவர்; அப்போது இவ்வாய்ப்பு 3 விழுக்காட்டுக்கும் குறைவு. எனவேதான் முன்னிடத்தில் இருப்பவர் சிறந்த சீட்டுகளை மட்டுமே ஆடுவதும், பின்னிடத்தில் இருப்பவர் நடுத்தரச் சீட்டுகளையும் ஆடுவதும் வழக்கமாயின.

பொதுச்சீட்டுகள் திறந்த பின்னர் வேறுபாடு இன்னும் பெரிதாகிறது. ஒருவருக்கு இஸ்பேட் நான்கு சேர்ந்து ஐந்தாவது தேவைப்படுகிறது எனக் கொள்வோம். அவர் காணாத 47 சீட்டுகளில் 9 இஸ்பேட்; அடுத்த சீட்டே இஸ்பேட் ஆகும் வாய்ப்பு ஏறத்தாழ 19 விழுக்காடு. மற்றவர்கள் பணம் வைக்காமல் விட்டிருந்தால், கடைசியில் பேசுபவர் தானும் அவ்வாறே விட்டு அடுத்த சீட்டைச் செலவின்றிப் பார்க்கலாம். முதலில் பேசுபவருக்கு இவ்வசதி இல்லை. அவர் சும்மா விட்டாலும் பின்னால் இருப்பவர் பணம் வைக்கக்கூடும். வெறுங்கையுடன் மிரட்டுவதற்கும் பின்னிடமே ஏற்றது. ஆனால் பணம் வைக்காதவர் எல்லாரும் வலுவற்றவர் அல்லர். நல்ல சீட்டை மறைத்துக் காத்திருப்போரும் உண்டு.

மிகக் கடினமான இடம் சிறு பணயக்காரருடையது. முதற் சுற்றில் பாதிப் பணயம் ஏற்கெனவே கட்டியிருப்பதால் மீதியைக் கட்டுவது மலிவாகத் தோன்றும். அடுத்த மூன்று சுற்றுகளிலும் அவர் முதலில் பேச வேண்டியிருப்பதைப் புதியவர்கள் மறந்துவிடுகின்றனர்.

யார் பக்கத்தில் யார் அமர்கிறார் என்பதும் முக்கியமானது. அடிக்கடி பணயத்தைக் கூட்டுபவர் தமக்கு வலப்புறம் இருப்பதையே தேர்ந்தவர்கள் விரும்புவர். அவர் செய்வதைப் பார்த்த பின் தாம் முடிவெடுக்கலாம்.

தமிழர் ஆடும் பிற ஆட்டங்களில்

இலங்கைத் தமிழரிடையே பெயர்பெற்ற 304 ஆட்டத்தில் நால்வர், எதிரெதிரே அமர்ந்த இணைகளாக ஆடுவர். சீட்டுப் போட்டவரின் வலப்புறத்தவரிடம் கேள்வி தொடங்கி, போக்கருக்கு எதிர்த்திசையில் செல்லும். முதலில் கேட்பவர் இணையின் கையை அறியாமல் கேட்கிறார். பின்னவர் இணையின் கேள்வியிலிருந்து ஊகிக்க முடியும். ரம்மியில் முன்னவர் கழிக்கும் சீட்டை அடுத்தவரே எடுக்க இயலும் என்பதால், கவனமின்றிக் கழிப்பவருக்கு அடுத்த இடம் நல்ல இடமாகும்.

திறனா, வாய்ப்பா

வட்டு சுற்றி வருவதால், தொடர்ந்து ஆடும் எல்லாருக்கும் எல்லா இடங்களும் ஏறக்குறையச் சம அளவில் கிடைக்கின்றன. இடம் கிடைப்பது முறை; அதைப் பயன்படுத்துவது திறன். போக்கரைத் திறன் ஆட்டம் என்போருக்கு இது வலுவான சான்று. எனினும் போட்டிகளில் யாருக்கு அருகில் யார் என்பது குலுக்கலில் முடிவாவதால், வாய்ப்பு முற்றிலும் நீங்குவதில்லை.

இந்திய நீதிமன்றங்கள் இதில் ஒருமித்த கருத்துக் கொள்ளவில்லை. 1967 இல் உச்ச நீதிமன்றம் ரம்மியைப் பெரும்பாலும் திறன் சார்ந்தது எனக் கூறியது. 2017 இல் குஜராத் உயர் நீதிமன்றம் போக்கரைச் சூதாட்டமாகவே கருதியது. தமிழ்நாட்டின் 2022 ஆம் ஆண்டு இணையச் சூதாட்டத் தடைச் சட்டம் ரம்மியையும் போக்கரையும் வாய்ப்பு ஆட்டங்களாகப் பட்டியலிட்டது. 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அப்பட்டியலை நீக்கியது. 2025 ஆகஸ்டில் குடியரசுத் தலைவரின் ஒப்புதல் பெற்ற நடுவண் அரசுச் சட்டம், திறன், வாய்ப்பு என்ற வேறுபாடு பாராமல் பணம் கட்டி ஆடும் இணைய ஆட்டங்கள் அனைத்தையும் தடை செய்கிறது.