காப்பி இல்லாத காப்பி

"சுக்குக்கு மிஞ்சிய மருந்தும் இல்லை, சுப்பிரமணியருக்கு மிஞ்சிய தெய்வமும் இல்லை" என்பது பழமொழி. வடபழனியில் சுப்பிரமணியருக்கு இன்றும் கூட்டம் குறையவில்லை. ஆனால் காலையில் சுக்கைத் தேடுபவர்கள் குறைவு, எல்லோருக்கும் காப்பிதான்!

தமிழர்கள் எப்போதுமே காப்பி குடித்தவர்கள் அல்லர். நீராகாரமும் பழையதும் கஞ்சியும்தான் அவர்களது காலை ஆகாரம். 19-ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேயர் மலைகளில் பயிரிட்ட காப்பி பெரும்பாலும் கப்பலேறியது. 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில்தான் நடுத்தரக் குடும்பங்களில் காப்பி வேரூன்றியது. ஆ. இரா. வேங்கடாசலபதியின் 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்ற நூலின் தலைப்பே இதைச் சொல்லிவிடுகிறது.

எதிர்ப்பும் கூடவே வந்தது. காப்பியைக் கள்ளோடு ஒப்பிட்டுச் சாடியவர்கள் உண்டு. தேநீரும் காப்பியும் உடலுக்குத் தேவையே இல்லை என்பது காந்தியடிகளின் கருத்து. விட முடியாதவர்களுக்கு, கோதுமையைச் சிவக்க வறுத்துப் பொடித்துக் காப்பி போலக் காய்ச்சும் முறையை 1913-லேயே எழுதினார்.

இதற்கெல்லாம் காரணமான காஃபீனை 1819-ல் பிரித்தெடுத்தவர் ஜெர்மானிய வேதியியலாளர் ரூங்கே. தூக்கத்தைத் தூண்டும் அடினோசின் என்ற பொருளின் வேலையை மூளையில் இது தடுக்கிறது. உடலில் சேர்ந்த காஃபீன் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும். மாலைக் காப்பி இரவுத் தூக்கத்தைக் கெடுப்பது இதனால்தான். தினமும் 300 மில்லிகிராமுக்கு மேல் காஃபீன் உட்கொள்ளும் கர்ப்பிணிகள் அதைக் குறைக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2016-ல் பரிந்துரைத்தது.

ஜெர்மனியில் ரோசெலியஸ் என்ற வணிகர் 1906 வாக்கில் காஃபீன் நீக்கிய காப்பியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். நம்மூரில் அது பரவவில்லை; சிக்கரிதான் பரவியது. சிக்கரி ஒரு செடியின் வேர். அதில் காஃபீன் கிடையாது. இந்திய விதிப்படி காப்பிக் கலவையில் 49 சதவீதம் வரை சிக்கரி இருக்கலாம். கலப்படம் என்று பலர் முகம் சுளிக்கும் சிக்கரி, உண்மையில் ஒரு டம்ளரில் உள்ள காஃபீனைக் குறைக்கிறது!

முற்றிலும் தவிர்க்க விரும்புபவர்களுக்குச் சுக்கு, மல்லி, மிளகு, ஏலம், கருப்பட்டி போட்டுக் கொதிக்க வைத்த சுக்குக் காப்பி இருக்கிறது. காப்பிக் கொட்டையே இல்லாத இதற்கும் 'காப்பி' என்று பெயர் வந்ததுதான் வேடிக்கை. அந்தப் பானம் நம் நாவை மட்டுமல்ல, மொழியையும் பிடித்துக்கொண்டது. ஒரு எச்சரிக்கை: சில கடைகளில் சுக்குக் காப்பியிலும் கருப்பட்டிக் காப்பியிலும் காப்பித்தூள் சேர்ப்பதுண்டு. கேட்டு வாங்குவது நல்லது. கொக்கோ கலந்த பானங்களிலும் சிறிதளவு காஃபீன் உண்டு.

பழக்கத்தை ஒரே நாளில் நிறுத்தினால் தலைவலி வரலாம், படிப்படியாகக் குறைக்கலாம். நூறாண்டுக்குச் சற்றே கூடுதலான இந்தப் பழக்கத்துக்கு முன்பும் தமிழ்நாட்டில் பொழுது விடிந்துகொண்டுதான் இருந்தது.