சம்பளம் வாங்காத நடிகர்களும் எங்கள் கடற்கரைக்காரர் ஒருவரும்

"உங்க ஊர்ல தியேட்டர் எத்தனை?" என்று கல்லூரியில் ஒரு நண்பன் கேட்டான். சினிமாக் கொட்டகையைத்தான் கேட்டான். எனக்கு முதலில் நினைவுக்கு வந்தது திருச்செந்தூர் கடற்கரை! ஐப்பசி மாத சஷ்டி அன்று லட்சக்கணக்கான பேர் மணலில் நெருக்கியடித்து நின்று பார்க்கிற சூரசம்ஹாரத்தை விடப் பெரிய நாடகம் வேறு எங்கே இருக்கிறது? யானைமுகம், சிங்கமுகம் என்று தலை மாற்றி மாற்றி வருவான் சூரன். முடிவு எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள். டிக்கெட்டும் கிடையாது, லாபக் கணக்கும் கிடையாது.

லாபத்துக்காக இல்லாமல் ஊருக்காக நாடகம் போட்டவர்களைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தது அந்தக் கேள்விக்குப் பிறகுதான். அப்படிப் படித்ததில் மனதில் நின்ற விஷயங்களை இங்கே எழுதுகிறேன்.

சென்னையில் 1891 ஜூலை 1 அன்று சுகுண விலாச சபை தொடங்கியது. தொடங்கியவர் பம்மல் சம்பந்த முதலியார். அப்போது அவருக்கு வயது 18 தான் (நம் வயது!). வேடிக்கை என்னவென்றால், சிறு வயதில் அவருக்குத் தமிழ் நாடகம் என்றாலே பிடிக்காது. நாடகக்காரர்கள் என்றால் படிக்காதவர்கள், ஒழுங்கில்லாதவர்கள் என்று அன்றைய படித்த குடும்பங்கள் நினைத்தன. அவரும் அப்படித்தான் நினைத்தார். பிறகு பல்லாரியிலிருந்து கிருஷ்ணமாச்சாரியார் குழுவினர் சென்னைக்கு வந்து தெலுங்கு நாடகங்கள் போட்டார்கள். மேடையில் நடித்தவர்கள் வக்கீல்களும் உத்தியோகஸ்தர்களும் என்று தெரிந்ததும் இவருக்கு ஆச்சரியம். தமிழிலும் இப்படி ஒரு சபை ஏன் கூடாது என்று நண்பர்களைச் சேர்த்துக்கொண்டார்.

சபையில் யாருக்கும் சம்பளம் இல்லை. உறுப்பினர்களே சந்தா கட்டி, வேலை முடிந்த பிறகு ஒத்திகை பார்த்து நடித்தார்கள். அரங்கேற்றியது பெரும்பாலும் விக்டோரியா பப்ளிக் ஹாலில். சென்ட்ரல் ஸ்டேஷன் பக்கம் சிவப்பாக நிற்கிறதே, அதே கட்டடம்தான். அதுவும் பொதுமக்கள் நன்கொடை கொடுத்துக் கட்டிய மண்டபம். விடிய விடிய நடந்த நாடகத்தைச் சில மணி நேரத்துக்குள் அடக்கினார்கள், வசனத்துக்கு முக்கியத்துவம் கொடுத்தார்கள். ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட் 'அமலாதித்யன்' ஆனான், வெனிஸ் நகர வணிகன் 'வாணிபுர வணிகன்' ஆனான். 1954இல் சிவாஜி நடித்த 'மனோகரா' படத்துக்கு மூலமும் சம்பந்த முதலியாரின் நாடகம்தான். எஸ். சத்தியமூர்த்தி மாதிரியான அரசியல் தலைவர்களும் அந்தச் சபையில் நடித்திருக்கிறார்கள். நாடகமாடுவது கேவலம் என்ற எண்ணத்தை உடைத்ததில் சபைக்குப் பெரிய பங்கு உண்டு.

1911இல் சபை கொழும்புக்குப் போய் நடித்தது. அந்தக் காலத்தில் சென்னையிலிருந்து கொழும்பு போக வழக்கமான வழி, தூத்துக்குடி வரை ரயில், பிறகு கப்பல். தனுஷ்கோடி வழி 1914இல் தான் வந்தது. ஆகவே திரைச்சீலை, கிரீடம், கத்தி எல்லாம் எங்கள் துறைமுகம் வழியாகத்தான் போயிருக்க வேண்டும் என்று நானாக எண்ணிச் சந்தோஷப்பட்டுக்கொள்கிறேன்.

ஆனால் ஒன்று உறுத்துகிறது. அங்கே மரியாதை கிடைத்தது யாருக்கு? வீட்டில் சோற்றுக்குக் கவலை இல்லாத வக்கீல் நடித்தால் அது கலைச்சேவை. அதையே பிழைப்பாக வைத்திருப்பவன் நடித்தால் அவன் 'கூத்தாடி'. சபையில் பெண்களுக்கு மேடை இல்லை, பெண் வேஷத்தையும் ஆண்களே போட்டார்கள். அதே காலத்தில் கும்பகோணம் பாலாமணி அம்மாள் பெண்களை வைத்தே ஒரு கம்பெனி நடத்திக்கொண்டிருந்தார் என்பதை நினைத்துப் பாருங்கள்.

இந்த இடத்தில்தான் எங்கள் கடற்கரைக்காரர் வருகிறார். சங்கரதாஸ் சுவாமிகள் 1867இல் தூத்துக்குடி பக்கம் பிறந்தவர். உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தார், அதை விட்டுவிட்டு நாடகத்துக்குப் போனார். எமன், இரணியன், சனீஸ்வரன் என்று பயங்கர வேஷங்கள். சனீஸ்வரன் வேஷத்தைக் கலைக்க விடியற்காலையில் குளத்துக்குப் போனபோது, அவரைப் பார்த்த கர்ப்பிணிப் பெண் ஒருத்தி அதிர்ச்சியில் இறந்துபோனாள் என்றும், அதன்பின் அவர் வேஷம் போடுவதை விட்டுவிட்டார் என்றும் சொல்வார்கள். பிறகு ஆசிரியராகவே வாழ்ந்தார். 1918இல் மதுரையில் சிறுவர்களைக் கொண்டு தத்துவ மீனலோசனி வித்துவ பால சபையை ஆரம்பித்தார். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்கள். டி.கே. சண்முகத்துக்காக 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தாராம்! கடைசியில் பக்கவாதம் வந்து பேச்சே போய்விட்டது. எத்தனையோ பேருக்கு வசனம் சொல்லிக்கொடுத்தவருக்கு இப்படியா... 1922 நவம்பர் 13 அன்று புதுச்சேரியில் காலமானார்.

அவர் நடத்தியவை சம்பளத்துக்கு நடித்த கம்பெனிகள்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அவர் எழுதிய 'வள்ளி திருமணம்' இன்றைக்கும் ஊர்த் திருவிழாக்களில் நடக்கிறது. ஊர் கூடி வரி பிரித்துக் காசு சேர்ப்பார்கள். வெவ்வேறு ஊர்களிலிருந்து நடிகர்கள் தனித்தனியாக வருவார்கள். ஸ்பெஷல் நாடகம் என்று பெயர். ஒத்திகை கிடையாது. எல்லோருக்கும் சுவாமிகள் பாட்டு மனப்பாடம் என்பதால் ஆர்மோனியக்காரர் சுதி பிடித்தால் போதும், நாடகம் ஓடிவிடும். பார்ப்பவர்களுக்கு இலவசம்.

விஸ்வநாத தாஸ் இந்த முருகன் வேஷத்தில் நின்றுகொண்டுதான் வெள்ளைக்காரனுக்கு எதிராகப் பாடிப் பலமுறை சிறை போனார். மருத்துவர் சமூகத்தில் பிறந்தவர் என்பதால் அவரோடு நடிக்க மறுத்தவர்களும் உண்டு. 1940 டிசம்பர் 31 இரவு சென்னையில் 'வள்ளி திருமணம்' மேடையிலேயே, முருகனாக மயில் மேல் உட்கார்ந்தபடியே அவர் உயிர் போனது. இதைப் படித்த அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

சுகுண விலாச சபை இப்போது அண்ணா சாலையில் ஒரு கிளப். சங்கரதாஸ் சுவாமிகள் பெயரில் 2019இல் நடிகர் சங்கத் தேர்தலில் ஓர் அணியே போட்டியிட்டது!

சின்ன வயதில் பக்கத்து ஊர்க் கொடையில் ஆச்சி மடியில் படுத்துக்கொண்டு 'வள்ளி திருமணம்' பார்த்திருக்கிறேன். நாரதரும் வள்ளியும் தர்க்கம் செய்கிற இடம் வருவதற்குள் தூங்கிவிட்டேன். விடிகிற நேரத்தில் ஆச்சி எழுப்பினாள். "எந்திரிலே, கல்யாணம் ஆவுது." கோயிலை ஒட்டிய வள்ளி குகைக்கு எத்தனையோ தடவை போயிருக்கிறேன். ஆனால் எனக்கு வள்ளி என்றால், பவுடர் வேர்வையில் கரைந்து, மைக் முன்னால் நின்று கொட்டாவியை அடக்கிக்கொண்டு மாலை வாங்கிய அந்த அக்காதான்.

விழா முடிந்ததும் அவர் ஒரு பையைத் தூக்கிக்கொண்டு முதல் பஸ்ஸுக்கு நின்றார். அடுத்த ராத்திரி வேறு ஊரில் நாடகம் என்று ஆச்சி சொன்னாள்.