கோப்பைக்கு ஆயுள் எவ்வளவு?

ஒரு கால்பந்து அணியின் மதிப்பை அது முன்பு வென்ற கோப்பைகள் எத்தனை காலம் தாங்கிப் பிடிக்கும்? கேரளத்தில் இக்கேள்விக்கு விந்தையானதொரு விடை கிடைக்கிறது. தேசிய அளவிலான கோப்பையை அடுத்தடுத்து இருமுறை வென்ற அணியை இன்றைய இளைஞர் பலர் அறியார். ஐ.எஸ்.எல். கோப்பையை ஒருமுறையேனும் வெல்லாத அணியின் மஞ்சள் சட்டையோ வித்துரா போன்ற மலையோர ஊர்களிலும் பெருமிதத்துடன் அணியப்படுகிறது.

முன்னது கேரளக் காவல்துறை அணி. ஐ.எம். விஜயன், வி.பி. சத்யன், சி.வி. பாப்பச்சன், யு. ஷரஃப் அலி, குரிகேஷ் மாத்யூ, கோல்காப்பாளர் கே.டி. சாக்கோ ஆகியோர் ஆடிய அணி அது. 1990இல் திருச்சூரில் சல்காவ்கரை 2-1 என்றும், 1991இல் கண்ணூரில் மகிந்திரா அணியை 2-0 என்றும் வென்று ஃபெடரேஷன் கோப்பையைக் கைப்பற்றியது. அதற்கு முன் எந்தக் கேரள அணியும் அக்கோப்பையை வென்றதில்லை. அதே தலைமுறையின் பலத்தில், சத்யன் தலைமையில் 1992இல் கோயம்புத்தூரில் கோவாவை 3-0 என வீழ்த்திக் கேரளம் சந்தோஷ் கோப்பையையும் பெற்றது. 1973க்குப் பிறகு, 19 ஆண்டுகள் கழித்துக் கிடைத்த இரண்டாம் வெற்றி அது.

பின்னது 2014இல் தோன்றிய கேரளா பிளாஸ்டர்ஸ். 2014, 2016, 2021-22 ஆகிய மூன்று பருவங்களில் இறுதிப்போட்டி வரை சென்று தோற்ற அணி. ஆயினும் நாட்டின் மிகப்பெரிய ரசிகர் கூட்டங்களுள் ஒன்று அதனுடையது.

அப்படியானால் கோப்பைகளுக்கு மதிப்பே இல்லையா? அவ்வாறு முடிவு கட்டுவது பிழை என்பதற்குக் கொல்கத்தாவே சான்று. 1911 ஜூலை 29 அன்று மோகன் பகான் அணி கிழக்கு யார்க்ஷயர் படைப்பிரிவை 2-1 என வென்று ஐ.எஃப்.ஏ. கேடயத்தைப் பெற்றது. நூறாண்டு கடந்தும் அவ்வெற்றி வாடவில்லை. வெறுங்காலுடன் ஆடிய இந்தியர் ஆங்கிலேயரை வென்றனர் என்பதால் அது விளையாட்டைத் தாண்டிய பொருள் பெற்றது. அந்த நாளை 'மோகன் பகான் நாள்' என ஆண்டுதோறும் கொண்டாடும் அமைப்பும் தொடர்ந்து வந்திருக்கிறது.

குக்கரின் பெயராக நமக்கெல்லாம் பழகிய 'பிரெஸ்டீஜ்' என்ற சொல்லின் இலத்தீன் வேர், கண்கட்டு வித்தையைக் குறித்தது. மொழியியலிலும் இச்சொல் உண்டு. எந்த வட்டார வழக்கும் தன் ஒலியாலோ இலக்கணத்தாலோ உயர்ந்ததன்று. அதைப் பேசுவோரின் சமூக நிலையே அதற்கு மதிப்பை ஏற்றுகிறது என்பது அத்துறையின் அடிப்படைப் பாடம். கோப்பைக்கும் இது பொருந்தும். வெற்றி ஒருநாள் நிகழ்வு. அதைப் பேசுவோர் தொடர்ந்து இருந்தால்தான் அது பெருமையாகிறது.

கேரளத்தில் அறுந்தது இந்தப் பேசுவோர் சங்கிலிதான். 1997இல் டூராண்ட் கோப்பையை வென்ற முதல் கேரள அணி எஃப்.சி. கொச்சின். சில ஆண்டுகளிலேயே அது கலைந்துபோனது. 22 ஆண்டுகளுக்குப் பின் 2019இல் கோகுலம் கேரளா அதே கோப்பையை வென்றபோது, ஒப்பீட்டுக்காக மட்டும் அப்பெயர் மீண்டும் நினைவுகூரப்பட்டது. திருவனந்தபுரத்தில் ஸ்டேட் பாங்க் ஆஃப் திருவிதாங்கூர் அணியும், கொச்சுவேளி ஆலையின் டைட்டானியம் அணியும் கோலோச்சிய காலம் உண்டு. ஏழை வீட்டுப் பிள்ளைக்குக் கால்பந்து நிரந்தர வேலையைப் பெற்றுத் தந்த காலமும் அதுவே. 2017 ஏப்ரல் 1 அன்று அந்த வங்கி பாரத ஸ்டேட் வங்கியுடன் இணைக்கப்பட்டது. கணக்குகளுக்கு வாரிசு கிடைத்தது. அந்தப் பெயரில் வென்ற கோப்பைகளுக்கு யார் வாரிசு?

காவல்துறை அணிக்குக் கலைப்பு நேரவில்லை. ஆனால் துறைசார் அணிக்கு ஊழியர்கள் உண்டு, ரசிகர் சங்கம் இல்லை. விஜயன் மோகன் பகானுக்குச் சென்றார். சத்யன் பின்னர் சென்னையில் இந்தியன் வங்கி அணியோடு இருந்து, 2006இல் மறைந்தார். அவர் வாழ்க்கையைச் சொன்ன 'கேப்டன்' திரைப்படம் 2018இல் வந்த பிறகே புதிய தலைமுறைக்கு அவ்வணியின் கதை தெரியவந்தது. கோப்பைகள் செய்யாததை ஒரு திரைக்கதை செய்தது.

கல்லூரி விளையாட்டைத் தொழில்முறை ஆட்டத்துக்கு நிகராகப் போற்றும் அமெரிக்காவிலும் இதன் மறுபக்கத்தைக் காணலாம். அந்நாட்டுக் கால்பந்தில் யேல் பல்கலைக்கழகம் 27 தேசியப் பட்டங்களுக்கு உரிமை கோருகிறது. கடைசிப் பட்டம் 1927க்குரியது. அப்பட்டங்கள் ஏட்டில் பத்திரமாக உள்ளன. ஆனால் இன்றைய முன்னணி அணிகளின் வரிசையில் யேல் இல்லை. நினைவு மட்டும் இருந்து, ஆட்டம் தொடராவிட்டால் பெருமை அருங்காட்சியகப் பொருளாகிவிடுகிறது.

ஆகவே பழைய வெற்றிக்கு இரண்டு வாரிசுகள் தேவை: அதைச் சொல்வோர், அதன் வழியில் ஆடுவோர். வித்துரா அடங்கிய இதே நெடுமங்காடு வட்டத்தில், அருவிக்கரைக்கு அருகே மைலத்தில், 1975 முதல் ஜி.வி. ராஜா விளையாட்டுப் பள்ளி இயங்கி வருகிறது. ஆடுவோரை உருவாக்க அரசு நிறுவிய இடம் அது. அங்கு பயிலும் பிள்ளைகளுக்கு 1990 திருச்சூர் இறுதிப்போட்டியும் 1992 கோயம்புத்தூர் வெற்றியும் பாடமாகச் சொல்லப்பட வேண்டும். அவ்வணிகளில் ஆடியோர் பலர் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களின் வாய்மொழியைப் பதிவு செய்ய இன்றும் நேரமிருக்கிறது, என்றும் இருக்காது.