அல்கோயின் மரக்கோட்டையும் டெரியின் கல்மதிலும்

ஸ்பெயினின் வலென்சியா பகுதியில் மலைகளுக்கு நடுவே இருக்கிறது அல்கோய் நகரம். மரபுப்படி ஏப்ரல் 24 காலையில் மூர்கள், அதாவது இடைக்கால ஸ்பெயினின் முஸ்லிம்களாக வேடமிட்டவர்கள், அதன் கோட்டையைப் பிடிப்பார்கள். அன்று பிற்பகலே கிறிஸ்தவர்கள் அதை மீட்டுவிடுவார்கள். கோட்டை மரத்தால் ஆனது. விழாவுக்காக நகரின் நடுச் சதுக்கத்தில் நிறுத்தி, முடிந்ததும் பிரித்து எடுத்துவிடுவார்கள். வட அயர்லாந்தின் டெரியில் அப்படிப் பிரித்து எடுக்க எதுவும் இல்லை. 1613இல் தொடங்கிக் கட்டிய கல்மதில் பழைய நகரத்தைச் சுற்றி ஏறக்குறைய ஒன்றரைக் கிலோமீட்டருக்கு இன்றும் முழுசாக நிற்கிறது. 1689 முற்றுகையை நினைவுகூர ஒவ்வோர் ஆகஸ்டிலும் ஒரு சங்கத்தார் அந்த நகரத்தில் அணிவகுக்கிறார்கள்.

இரண்டுமே உள்ளூர்ச் சங்கங்கள் தலைமுறை தலைமுறையாகச் சுமந்துவரும் போர் நினைவுகள். இரண்டிலும் மதம் இருக்கிறது, சீருடை இருக்கிறது, வாத்தியம் இருக்கிறது. ஆனாலும் வெளியிலிருந்து பார்ப்பவர்கள் அல்கோயைக் கொண்டாட்டம் என்றும் டெரியைப் பகை என்றும் பிரித்துவிடுகிறார்கள். இந்தத் தீர்ப்பு அவசரத்தில் எழுதப்பட்டது என்பதே என் கருத்து.

முதலில் அல்கோய். 1276இல் அல்-அஸ்ராக் என்ற முஸ்லிம் தலைவர் இந்த ஊரைத் தாக்கினார். அரசர் முதலாம் ஜாமேயோடு முன்பு ஒப்பந்தம் செய்து, பின்பு கிளர்ந்தெழுந்து, நாடு கடத்தப்பட்டுத் திரும்பி வந்தவர் அவர். ஊரின் வாயிலிலேயே கொல்லப்பட்டார். புனித ஜார்ஜ் மதில்மேல் தோன்றிக் காத்தார் என்பது ஊரின் நம்பிக்கை. வெற்றிக்களிப்பில் எதிரியைத் துரத்திப்போன அல்கோய் வீரர்கள் பதுங்கியிருந்த படையிடம் சிக்கி மடிந்த கதையும் உண்டு. திருவிழா அதை எடுத்துக்கொள்ளவில்லை.

விழாவை நடத்துபவை ‘ஃபிலா’ எனப்படும் சங்கங்கள். மொத்தம் 28, மூர் பக்கம் 14, கிறிஸ்தவர் பக்கம் 14. ஒவ்வொன்றுக்கும் தனி உடை, தனி வரலாறு, ஆண்டு முழுக்க நடக்கும் விருந்துகள், ஒத்திகைகள். படைத்தலைவர் பொறுப்பு முறைவைத்துச் சுற்றிவரும். தன் முறை வரும் ஆண்டுக்காக ஒரு ஃபிலா வெகுகாலம் பணம் சேர்க்கும். இசையும் இங்கேயே விளைந்தது. ஹுவான் கான்டோ 1882இல் இவ்விழாவுக்கென எழுதிய ‘மஹோமெத்’, அன்டோனியோ பெரஸ் வெர்து 1907இல் இயற்றிய மூர் அணிநடை, அமாந்தோ பிளாங்கெர் 1958இல் எழுதிய கிறிஸ்தவ அணிநடை என்று ஒரு தனி மரபே வளர்ந்திருக்கிறது.

கோட்டைக்கு முன் தூதர்களின் வாதம் நடக்கும். மூர் தூதரும் கிறிஸ்தவத் தரப்பும் நீண்ட வசனங்களில் ஒருவரையொருவர் சரணடையக் கேட்பார்கள். பிறகு பழைய துப்பாக்கிகள் முழங்கிச் சதுக்கம் புகையில் மூழ்கும். முடிவில் புனித ஜார்ஜாக வேடமிட்ட சிறுவன் கோட்டைமேல் தோன்றி அம்பெய்வான். எதிரிக்குப் பேச்சும் உண்டு, கம்பீரமும் உண்டு, அரை நாள் வெற்றியும் உண்டு. பார்க்க மிக அழகான ஏற்பாடு.

ஆனால் அந்த மூர் வேடத்துக்குள் இருப்பவர் யார்? அதே ஊர்க் கத்தோலிக்கர். உண்மையான மூர்களின் வழிவந்த மொரிஸ்கோக்களை 1609இல் ஸ்பெயின் அரசு வெளியேற்றத் தொடங்கியபோது முதலில் காலியானது வலென்சியாதான். அன்றைய வலென்சிய மக்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர் அவர்கள். கப்பலேற்றி வட ஆப்பிரிக்காவுக்கு அனுப்பப்பட்டார்கள். விழாவைப் பற்றி நமக்குக் கிடைக்கும் பழைய குறிப்புகள் அதற்குப் பிந்தைய 17ஆம் நூற்றாண்டுக்குரியவை. தோற்றவர்கள் போன பிறகு தோற்றவர்களின் உடையை ஊர் அணிந்துகொண்டது. அந்த உடையைப் பார்த்து மனம் புண்பட ஊரில் எவரும் மிஞ்சவில்லை. அல்கோயின் தாராளத்துக்குப் பின்னால் இந்த வெறுமை இருக்கிறது. அதைச் சொல்லாமல் விழாவைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

டெரிக்கு வருவோம். 1688 டிசம்பரில் இங்கிலாந்தின் கத்தோலிக்க அரசர் இரண்டாம் ஜேம்ஸின் படைப்பிரிவு இந்தப் புராட்டஸ்டன்ட் நகரை நெருங்கியது. கதவைத் திறப்பதா மூடுவதா என்று பெரியவர்கள் தயங்கி நிற்க, தொழில் பயின்றுகொண்டிருந்த 13 அப்ரண்டிஸ் பையன்கள் ஓடிப்போய் வாயிலைச் சாத்தினார்கள். அடுத்த ஏப்ரலில் ஜேம்ஸே மதிலுக்கு வெளியே வந்து நின்றார். முற்றுகை 105 நாள் நீடித்தது. அடைக்கலம் தேடி உள்ளே குவிந்தவர்களில் ஆயிரக்கணக்கானோர் பசியாலும் காய்ச்சலாலும் செத்தார்கள். ஜூலைக் கடைசியில் மவுன்ட்ஜாய் என்ற கப்பல் ஆற்றின் குறுக்கே கட்டியிருந்த தடையில் மோத, உணவு வந்து சேர்ந்தது. அதன் தலைவர் பிரவுனிங் அந்தச் சண்டையிலேயே இறந்தார்.

அந்தப் பையன்களின் பெயரில்தான் ‘டெரி அப்ரண்டிஸ் பாய்ஸ்’ சங்கம். இதன் தாய்ச் சங்கங்கள் எட்டு. பெரும்பாலானவை வாக்கர், பேக்கர், பிரவுனிங், மிட்செல்பர்ன் எனக் காவலர்களின் பெயரைத் தாங்கியவை. உறுப்பினர் புராட்டஸ்டன்ட் ஆணாக இருக்க வேண்டும். எந்த ஊர்க்காரரானாலும் மதிலுக்குள் வந்தே சேர வேண்டும். (பெண்களுக்கு இடம் தரும் விஷயத்தில் அல்கோயின் ஃபிலாக்களும் நெடுங்காலம் கதவைச் சாத்தியே வைத்திருந்தன.)

டெரியின் சடங்கில் எதிரிக்கு மையமான இடம் கிடையாது. டிசம்பரில் எரிக்கப்படும் பெரிய கொடும்பாவி ராபர்ட் லண்டியுடையது. அவர் நகரின் சொந்த ஆளுநர். எதிர்த்து நிற்க முடியாது, பேசி முடிப்போம் என்று நினைத்தவர். கடைசியில் சிப்பாய் வேடத்தில் தப்பியோடியவர். வட அயர்லாந்தின் பிரிட்டன் ஆதரவு அரசியலில் விட்டுக்கொடுப்பவரை இன்றும் ‘லண்டி’ என்றுதான் ஏசுகிறார்கள். அல்கோய் எதிரியைப் பேசவிடுகிறது; டெரி, எதிரியோடு பேச நினைத்த தன் மனிதனையே எரிக்கிறது. இரு ஊர்களையும் பிரிக்கும் மிக ஆழமான கோடு இது. ஒருவகையில் காரணமும் தெளிவு: டெரியில் எதிர்த்தரப்பு எங்கும் போகவில்லை. கத்தோலிக்கர்கள் மதிலுக்குக் கீழே, போக்சைடு பகுதியில் வாழ்கிறார்கள். மேலே நடக்கும் ஊர்வலத்தின் முழவு அவர்கள் வீட்டுக்குள் கேட்கும்.

இந்த விழா எப்போதும் இப்படி இருந்ததும் இல்லை. நூற்றாண்டு நினைவின்போது, 1789இல், கத்தோலிக்க ஆயரும் அவருடைய குருமார்களும் ஊர்வலத்தில் நடந்தார்கள். கொடுங்கோன்மைக்கு எதிரான வெற்றியாக அதை இரு தரப்பும் பார்க்க முடிந்த ஒரு குறுகிய காலம் அது. 19ஆம் நூற்றாண்டு அந்தச் சாளரத்தை மூடிவிட்டது. 1969 ஆகஸ்ட் 12 ஊர்வலத்தையொட்டி வெடித்த மோதல் மூன்று நாள் நீண்டு, பிரிட்டிஷ் ராணுவம் தெருவில் இறங்குவதில் முடிந்தது. 1973இல் லண்டிக்குப் பின் ஆளுநரான வாக்கரின் நினைவுத்தூண் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. போக்சைடைப் பார்த்த மதில் பகுதியில் நடக்கும் உரிமைக்காக 1995, 1996 ஆண்டுகளில் நகரம் மறுபடி கொந்தளித்தது.

அதன்பின் நடந்ததைத்தான் நான் பெரிதாக நினைக்கிறேன். லண்டியை எரிக்கும் சங்கமே போக்சைடு குடியிருப்பாளர்களோடு பேச உட்கார்ந்தது. உள்ளூர் அரசியல் தலைவர் ஜான் ஹியூமும் நகர வணிகர்களும் இடையில் நின்றார்கள். எந்த நேரம், எந்தப் பாதை, எத்தனை பேர் என்று ஒவ்வொன்றாகப் பேசினார்கள். தன் ஆட்களே தன்னை லண்டி என்று அழைக்கக்கூடும் என்று தெரிந்தும் ஒருவர் அந்த நாற்காலியில் உட்காருவது சிறிய காரியமா? ஊர்வலத்தைச் சுற்றி நகரத்துக்கே பொதுவான ஒரு கலைவிழாவைச் சங்கம் வளர்த்தது. 2016இல் முற்றுகை அருங்காட்சியகம் ஒன்றைத் திறந்தது. அமைதி முழுமையானதல்ல. 1972இல் இதே நகரில் மக்களைச் சுட்டுக்கொன்ற பாராசூட் படைப்பிரிவின் சின்னத்தை 2019 ஊர்வலத்தில் ஒரு இசைக்குழு அணிந்துவந்தபோது பெருங்கோபம் எழுந்தது. ஆனாலும் ஆண்டுதோறும் பல்லாயிரம் பேர் நடக்கிறார்கள், கீழே இருப்பவர்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். கலையாக அல்கோய்க்கு ஈடில்லை. ஆனால் உழைத்துப் பெற்ற நிதானம் டெரியில்தான் இருக்கிறது.

அந்த உழைப்பு வலென்சிய ஊர்களுக்கும் இனி தேவைப்படும். வட ஆப்பிரிக்காவிலிருந்து குடியேறிய முஸ்லிம்கள் இப்போது அங்கே அண்டைவீட்டுக்காரர்கள். அல்கோய்க்கு அருகிலுள்ள பொகைரெந்தில் விழா முடிவில் முகமதுவின் பெயர்கொண்ட ‘மஹோமா’ என்ற உருவத்தின் தலையை வெடிவைத்துச் சிதறடிக்கும் வழக்கம் இருந்தது. 2006இல் ஊர் அதைக் கைவிட்டது. முகமது நபியைப் பற்றிய டென்மார்க் கேலிச்சித்திரங்களால் எழுந்த கொந்தளிப்பு உலகெங்கும் பரவியிருந்த ஆண்டு அது. பயத்தால் எடுத்த முடிவு என்று சிலர் குறைசொன்னார்கள். பயமும் இருந்திருக்கலாம். ஆனால் மூர் என்ற வேடத்துக்கு வெளியே ஒரு முஸ்லிம் அயலார் இருக்கிறார் என்பதை அந்தத் திருவிழா கணக்கில் எடுத்தது அப்போதுதான். அடுத்த கேள்வி அல்கோயின் 28 ஃபிலாக்களுக்கும் உரியது: மூர் அணியின் தூதராக மொராக்கோவில் பிறந்த ஒருவர் நிற்க விரும்பினால், அவர் பேச வேண்டிய வசனத்தை அவரோடு உட்கார்ந்து படித்துப் பார்க்க அவர்கள் தயாரா?