ஹிள்ர்: வேதக் கதையும் நாட்டார் நம்பிக்கையும்

திருக்குர்ஆனின் 18-ஆம் அத்தியாயமான 'அல் கஹ்ஃபு' 60 முதல் 82 வரையிலான வசனங்களில் நபி மூசாவின் பயணம் ஒன்றைச் சொல்கிறது. இரு கடல்கள் சேரும் இடத்தைத் தேடிச் செல்லும் அவர், வழியுணவுக்குக் கொண்டுபோன மீன் கடலுக்குள் நழுவிப்போன இடத்தில் அடியார் ஒருவரைக் காண்கிறார். இறைவனே நேரடியாக அறிவு புகட்டிய அடியார் அவர். ஏழைகளின் படகை அவர் ஓட்டையாக்குகிறார். ஒரு சிறுவனைக் கொல்கிறார். உணவளிக்க மறுத்த ஊரில், விழவிருந்த சுவரைக் கூலி வாங்காமல் நிமிர்த்துகிறார். மூன்று முறையும் மூசா கேள்வி எழுப்ப, அடியார் காரணங்களை விளக்கிவிட்டுப் பிரிகிறார். வேதம் அவர் பெயரைச் சொல்வதில்லை. ஹிள்ர் என்ற பெயரும், அவர் அமர்ந்த தரிசு நிலம் பசுமையாக மாறியது என்ற செய்தியும் புகாரியின் நபிமொழித் தொகுப்பில் வருகின்றன.

அவர் நபியா, வலியா (இறைநேசரா) என்பதில் அறிஞர்கள் உடன்படவில்லை. அவர் இன்றும் வாழ்கிறாரா என்பதில் பிணக்கு இன்னும் கூர்மையானது. வாழ்கிறார் என்பதே பெரும்பாலோர் கருத்து என்றார் இமாம் நவவி. உமக்கு முன் எந்த மனிதருக்கும் நாம் நிரந்தர வாழ்வை அளிக்கவில்லை என்னும் கருத்துடைய 21:34 வசனத்தைக் காட்டி இப்னுல் ஜவ்ஸி அதை மறுத்தார். இது வெறும் வயதுக் கணக்கு அன்று. அவர் உயிரோடிருந்தால் அவரைச் சந்திக்கலாம். அவரிடம் தீட்சையும் பெறலாம். சூஃபி ஞானி இப்னு அரபி ஹிள்ரின் வழிவந்த கிர்கா என்னும் தீட்சை ஆடையை அணிந்ததாகக் கூறியது இந்த நம்பிக்கையால்தான். ஷரீஅத் என்னும் மார்க்கச் சட்டத்துக்கு மேலான அந்தரங்க ஞானம் தமக்குண்டு என்று பிறரும் இதைக் காட்டி வாதிடக்கூடும் என்ற அச்சமே எதிர்ப்பின் வேர். ஆனால், தன் விருப்பப்படி எதையும் செய்யவில்லை என்று அந்த அடியாரே 82-ஆம் வசனத்தில் கூறுகிறார். அந்த உரிமைகோரலுக்குக் கதையிலேயே மறுப்பு உள்ளது.

மேலைநாட்டு ஆய்வு ஹிள்ரைப் பழைய கதைகளின் கலவையாகவே கண்டது. கில்கமேஷ் காவியம், அலெக்சாந்தர் கதை, இலியாஸ் நபியும் ரப்பி யோசுவா பென் லேவியும் சேர்ந்து பயணம் செய்யும் யூதக் கதை ஆகிய மூன்றையும் டச்சு அறிஞர் வென்சிங்க் மூலங்களாகக் காட்டினார். உயிர் பெற்றுக் கடலில் நழுவிய மூசாவின் மீனுக்கும், அலெக்சாந்தரின் சமையற்காரர் மீன் உயிர்பெறக் கண்ட அமுத ஊற்றுக்கும் உள்ள ஒப்புமையை மறுக்க முடியாது. மூன்றாவது மூலம் அவ்வளவு உறுதியானதன்று. அந்த யூதக் கதை நமக்குக் கிடைக்கும் பழைய எழுத்து வடிவம் 11-ஆம் நூற்றாண்டில் கைரவானில் வாழ்ந்த நிசிம் பென் யாக்கோபுடையது. அது குர்ஆனுக்கு நான்கு நூற்றாண்டுகள் பிந்தியது. எது எதிலிருந்து பிறந்தது என்ற கேள்வியை இந்தக் கால இடைவெளி திருப்பிப் போடுகிறது.

ஹிள்ரைச் சுற்றிய நாட்டார் வழிபாட்டைப் பழைய நீர்த்தெய்வங்களின் எச்சம் என்று மட்டும் கொள்வதும் போதாது. சிந்து ஆற்றில் சுக்கூருக்கு அருகே அவர் ஜிந்தா பீர், அதாவது உயிரோடிருக்கும் ஞானி. அங்கே அவரை முஸ்லிம்களோடு இந்துக்களும் வணங்கினர். முர்ஷிதாபாத்தில் பாதோ மாதத்தின் கடைசி வியாழனன்று பாகீரதியில் விளக்கேற்றிய தெப்பங்கள் அவர் பெயரால் மிதக்கவிடப்படுகின்றன. முகலாய ஓவியங்களில் அவர் மீன்மேல் நிற்கிறார். மீனும் படகும் குர்ஆன் கதையிலேயே இருப்பவை. கண்ட படகையெல்லாம் பறிக்கும் அரசனிடமிருந்து காப்பதற்காகவே ஏழைகளின் படகைப் பழுதாக்கியவர் அவர். ஆற்றை நம்பிப் பிழைப்பவர்கள் தங்கள் காவலரை இந்தக் கதையில் கண்டதற்கு வேறு விளக்கம் தேட வேண்டியதில்லை. எச்சக் கோட்பாடு இந்த வாசிப்பாளர்களைக் கணக்கில் எடுப்பதே இல்லை.

வேதம் பெயரும் ஊரும் சொல்லாததால் அவரை எந்த ஊரும் தன்னவராக்கிக்கொள்ள முடிந்தது. துருக்கியில் மே 6 அன்று, ஹிள்ரும் இலியாசும் சந்திக்கும் நாளாக ஹிதிரெல்லெஸ் கொண்டாடப்படுகிறது. 2017-இல் யுனெஸ்கோ அதை மரபுரிமைப் பட்டியலில் சேர்த்தது. பழைய ஜூலியன் நாட்காட்டிப்படி புனித ஜார்ஜின் திருநாளும் அதுவே. பெத்லகேம் அருகே அல்ஹதர் என்னும் ஊரிலுள்ள ஜார்ஜ் தேவாலயத்துக்கு முஸ்லிம்களும் நேர்ச்சையோடு செல்வர். இலங்கையில், முருகனின் கதிர்காமத்தையும் ஹிள்ரோடு இணைத்துப் பேசும் முஸ்லிம் மரபு உண்டு. அங்குள்ள பள்ளிவாசல் வளாகம் அந்த நம்பிக்கையின் இருப்பிடம்.