தாவர நூல் மேதை ஜானகி அம்மாள்

கரும்பின் இனிமையை அறியாதார் இலர். பொங்கல் நன்னாளில் கரும்பை நிறுத்தி வழிபடும் நம் குடும்பங்களில், அதன் பின்னே நிற்கும் அறிஞர்தம் உழைப்பை எண்ணிப் பார்ப்போர் சிலரே. வடநாட்டு வயல்களில் பரவிய கரும்பு வகைகள் பலவற்றின் பிறப்பிடம் நம் கோயம்புத்தூர் ஆகும். 'கோ' என்னும் முன்னெழுத்தைத் தாங்கிய அவ்வகைகள், 1912-இல் அங்கே தொடங்கப்பெற்ற கரும்பு இனப்பெருக்க நிலையத்தில் தோன்றியவை. அந்நிலையத்தில் ஆராய்ச்சி செய்த அறிஞருள் ஒருவர் டாக்டர் ஈ. கே. ஜானகி அம்மாள். அவ்வம்மையாரின் வரலாற்றை நம் குடும்பங்கள் அறிந்திருத்தல் வேண்டும்.

அம்மையார் 1897 நவம்பர் 4-ஆம் நாள், அக்காலத்தில் சென்னை மாகாணத்தைச் சேர்ந்திருந்த தலைச்சேரியில் பிறந்தார். நீதித்துறையில் பணியாற்றிய தந்தையார், செடிகொடிகளிடத்தும் பறவைகளிடத்தும் பெருவிருப்பம் உடையவர். அவ்விருப்பமே மகளுக்கும் வாய்த்தது. பெண்களுக்கு உயர்கல்வி அரிதாயிருந்த அந்நாளில், இவர் சென்னை இராணி மேரிக் கல்லூரியிலும் மாநிலக் கல்லூரியிலும் பயின்றார். பின்னர் மகளிர் கிறித்தவக் கல்லூரியில் ஆசிரியரானார். ஆசிய நாட்டுப் பெண்களுக்கென ஏற்பட்ட பார்பர் உதவித்தொகையைப் பெற்று அமெரிக்கா சென்று, மிச்சிகன் பல்கலைக் கழகத்தில் 1931-இல் டாக்டர் பட்டம் பெற்றார். மணவாழ்வை நாடாது கல்வியையே வாழ்வாகக் கொண்டார். திருவனந்தபுரத்தில் பேராசிரியராகச் சில காலம் இருந்தபின், 1934-இல் கோயம்புத்தூர் வந்து சேர்ந்தார்.

அங்கே அவர் செய்த பணி யாது? தடித்துச் சாறு மிகுந்த உயர்ந்த கரும்பு, குளிரையும் நோயையும் எளிதில் தாங்காது. பேய்க்கரும்பு என்னும் காட்டுப்புல்லோ சாறற்றது. ஆயினும் எதனையும் தாங்கும் வன்மை வாய்ந்தது. பார்பர், டி. எஸ். வேங்கடராமன் ஆகிய அறிஞர்கள் இவ்விரண்டையும் கலந்து புதுவகைகளை உண்டாக்கியிருந்தனர். அக்கலப்பினுள் நிகழ்வது என்ன என்பதை அம்மையார் நுண்ணோக்கியின் வழியே ஆராய்ந்தார். உயிரணுவினுள் இருந்து மரபுப் பண்புகளைத் தாங்கிச் செல்லும் இழைகளைக் குரோமோசோம்கள் என்பர். உயர்ந்த கரும்பில் இவை 80; பேய்க்கரும்பிலோ இடத்துக்கு இடம் வேறுபட்டு 40 முதல் 128 வரை காணப்படும். எந்தச் செடியை எதனோடு கலக்கலாம் என்பதை அறிய இத்தகைய கணக்கு பெரிதும் துணைசெய்யும். கரும்பை மக்காச்சோளத்தோடு கலந்து பெற்ற செடியையும் ஆராய்ந்து, 1938-இல் அவர் உலகறியச் செய்தார்.

ஆண்களே நிறைந்திருந்த அந்நாளைய ஆராய்ச்சித் துறையில், தனித்து நின்ற ஒரு பெண்ணுக்கு உரிய இடம் எளிதில் கிட்டிவிடவில்லை. 1940-இல் அவர் இலண்டனில் ஜான் இன்னஸ் ஆய்வு நிலையத்தில் சேர்ந்தார். போர்க்காலக் குண்டுவீச்சுகளுக்கு இடையிலும் ஆய்வு தொடர்ந்தது. டார்லிங்டன் என்னும் அறிஞரோடு இணைந்து அவர் எழுதிய, பயிர்ச் செடிகளின் குரோமோசோம் தொகுப்பு நூல் 1945-இல் வெளிவந்தது. அதன்பின் விஸ்லி தோட்டத்தில் மக்னோலியா மரங்களை ஆராய்ந்தார். அங்கே தோன்றிய வெண்ணிற மலர் பூக்கும் ஒரு வகை, இன்றும் அவர் பெயராலேயே வழங்குகிறது.

அயல்நாட்டில் புகழ் பெற்றவர் அங்கேயே தங்கியிருக்கலாம். ஆனால், பிரதமர் நேரு அழைத்தபோது 1951-இல் தாயகம் திரும்பினார். இந்தியத் தாவர மதிப்பாய்வுத் துறையைச் சீரமைக்கும் பொறுப்பு 1952-இல் அவரிடம் ஒப்படைக்கப்பெற்றது. நம் நாட்டுச் செடிகளை நம்மவரே தேடித் தொகுத்து ஆராய வேண்டும் என்பது அவர் கொள்கை. அலகாபாத், ஜம்மு எனப் பல ஊர்களில் பணிபுரிந்து, 1970-இல் சென்னைக்கு வந்தார். 1977-இல் பத்மஸ்ரீ விருது அவரை வந்தடைந்தது. சென்னைப் பல்கலைக் கழகத்தின் சார்பில் மதுரவாயலில் இருந்த ஆய்வுக்களமே அவருடைய இறுதிக்கால இல்லமாயிற்று.

எண்பது வயதைக் கடந்தும் அவர் ஓயவில்லை. கேரளத்தின் அமைதிப் பள்ளத்தாக்கில் நீர்மின் திட்டத்துக்காகப் பழங்காடு மூழ்கவிருந்தபோது, அதனை எதிர்த்தோருள் அவரும் ஒருவர். அக்காட்டு மரங்களின் குரோமோசோம்களைக் கணக்கெடுக்கவும் அம்முதுமையில் முனைந்தார். 1984 பிப்ரவரி 7-ஆம் நாள் அவர் மறைந்தார். அதே ஆண்டு நவம்பரில் அப்பள்ளத்தாக்கு தேசியப் பூங்கா ஆயிற்று. அந்நற்செய்தியைக் கேட்க அவர் இல்லை.

தலைச்சேரி முதல் மதுரவாயல் வரை எத்தனையோ ஊர்கள் மாறினார். மேற்கொண்ட பணியோ மாறவில்லை. பிழைப்பின் பொருட்டு ஊர்விட்டு ஊர் வந்து வாழும் நமக்கு இது நல்லதோர் ஆறுதல். நம் குடியிருப்பில் ஒரு சிறுமி பூந்தொட்டியருகே அமர்ந்து நெடுநேரம் ஓர் இலையை உற்று நோக்கினால், போய்ப் பாடத்தைப் படி என்று அவளை விரட்டாதிருப்போமாக. அவள் அப்போது செய்வதும் படிப்பே ஆகும்.