வாந்தியைப் பொறுத்துக்கொள்ளச் சொன்ன காலம்

புற்றுநோய் மருந்துகளின் வரலாற்றில் எந்த மருந்து எந்தக் கட்டியைக் கரைத்தது என்பதுதான் பெரும்பாலும் எழுதப்படுகிறது. அந்த மருந்தை ஏற்றிக்கொண்டவர் அன்றைய ராத்திரியை எப்படிக் கழித்தார் என்பதும் வரலாறுதான். சென்னையில் புற்றுநோய் வார்டுகளில் செவிலியராக இருந்து ஓய்வுபெற்று, திருவள்ளூரை அடுத்த காக்களூரில் குடியிருக்கிறேன். சிட்கோ தொழிற்பேட்டைக்கு வேலைக்குப் போகிறவர்கள் வீட்டில் யாருக்காவது கீமோ என்றால் என்னிடம் மருந்தின் பெயரைக் கேட்பதில்லை. “அக்கா, வாந்தி வருமா? முடி கொட்டுமா? அம்மா தாங்குவாங்களா?” என்றுதான் கேட்கிறார்கள். இன்று தைரியமாகப் பதில் சொல்கிறேன் என்றால், அதற்குப் பின்னால் எண்பது ஆண்டு உழைப்பு இருக்கிறது.

1942இல் அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில், போருக்காக ஆராய்ந்துகொண்டிருந்த நைட்ரஜன் மஸ்டர்டு என்ற நச்சுப்பொருளை, நிணநீர்ப் புற்றுநோய் முற்றிய ஒருவருக்கு ஏற்றினார்கள். கட்டி சுருங்கியது, ரத்தத்தில் வெள்ளை அணுக்களும் சரிந்தன. வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குவது இத்தகைய மருந்துகளின் குணம். எலும்பு மஜ்ஜை, வாயின் உட்தோல், குடல், மயிர்க்கால் எல்லாம் அப்படிப் பெருகுகிறவையே. கீமோவின் பெரும்பாலான தொல்லைகள் அங்கிருந்துதான் வருகின்றன.

சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்த எல்லாப்பிரகட சுப்பாராவ், அமெரிக்காவின் லெடர்லி ஆய்வகத்தில் ஃபோலிக் அமில ஆராய்ச்சிக்குத் தலைமை வகித்தார். அந்த அமிலத்தை முடக்கும் அமினோப்டெரின் அங்கே உருவானது. பாஸ்டனில் சிட்னி ஃபார்பர் அதை ரத்தப்புற்றுநோய் வந்த 16 குழந்தைகளுக்குக் கொடுத்தார். 10 பேர் கொஞ்ச காலம் தேறினார்கள் என்று 1948இல் அறிவித்தார். கூடவே வாயில் புண் வந்தது. அதன் தம்பியான மெத்தோட்ரெக்சேட்டைப் பெரிய அளவில் ஏற்றும்போது, குறித்த நேரத்தில் லூக்கோவோரின் கொடுத்து உடம்பை மீட்கும் முறை பின்னால் வந்தது. லூக்கோவோரினும் ஃபோலிக் அமிலத்தின் ஒரு வடிவம்தான். அந்த ஊசியை மணி தவறாமல் போடுவது செவிலியர் கையில் இருந்த உயிர்.

நம் ஊரில் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி 1954இல் 12 படுக்கைகளோடு அடையாறு புற்றுநோய் மருத்துவமனையைத் தொடங்கினார். டாக்டர் கிருஷ்ணமூர்த்தியும் டாக்டர் சாந்தாவும் அதை வளர்த்தார்கள். குழந்தைகளின் ரத்தப்புற்றுநோய்க்கான எம்.சி.பி. 841 சிகிச்சை முறை 1980களில் சென்னை, மும்பை, டெல்லி மையங்களில் நடைமுறைக்கு வந்தது. நோயோடு மட்டுமல்ல, சிகிச்சைக்கு நடுவே வரும் தொற்றோடும் அங்கே போராட வேண்டியிருந்தது.

நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் வார்டில் எல்லோரும் பயந்த மருந்து சிஸ்பிளாட்டின். 1978இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற அந்த மருந்து முதலில் சிறுநீரகத்தைக் கெடுத்தது. முன்னும் பின்னும் பாட்டில் பாட்டிலாக சலைன் ஏற்றி, சிறுநீர் தாராளமாகப் போகும்படி செய்த பிறகே அதைத் தைரியமாகக் கொடுக்க முடிந்தது. ஒவ்வொரு முறையும் சிறுநீரை அளந்து சார்ட்டில் எழுதுவோம். வாந்திக்குத்தான் வழியில்லை. அதிக அளவு மெட்டோகுளோபிரமைடு ஓரளவு கேட்டது. சிலருக்கு அதனாலேயே கழுத்து திருகிக்கொள்ளும். மருத்துவமனை வாசலைப் பார்த்ததுமே ஓங்கரித்தவர்கள் உண்டு. பொறுத்துக்கொள்ளுங்கள் என்பதற்கு மேல் சொல்ல எங்களிடம் வார்த்தை இல்லை. பொறுக்க முடியாதவர்கள் அடுத்த சுற்றுக்கு வரவில்லை. மருந்துக்குக் கட்டுப்படக்கூடிய நோய் அப்படித்தான் அவர்களைக் கொண்டுபோனது.

1990களில் ஒண்டான்செட்ரான் வந்தது. குடலிலிருந்தும் மூளையிலிருந்தும் வாந்தியைத் தூண்டும் செரோட்டோனின் சைகையை அது தடுத்தது. டெக்சாமெத்தசோனையும் சேர்த்துப் போட்டபோது, பேசின் கேட்டு அலறிய வார்டில் பலர் தூங்கினார்கள். பிறகு அப்ரிபிட்டன்ட் வந்தது. மனநோய்க்குக் கொடுக்கும் ஓலான்சபின் குமட்டலையும் அடக்குகிறது என்று 2016இல் பெரிய ஆய்வு காட்டியது. இவை புற்றுநோயைத் தொடுவதில்லை. ஆனால் ஆறு சுற்றையும் முடிக்க வைத்தவை இவைதான். கட்டியைக் கரைத்த மருந்துக்குக் கொடுக்கும் மரியாதையை இவற்றுக்கும் கொடுக்க வேண்டும்.

வீட்டிலும் செய்யக்கூடியது நிறைய. தாளிக்கும் வாசனை குமட்டினால் ஆறிய கஞ்சி கொடுங்கள். வாய்ப்புண்ணுக்குக் காய்ச்சி ஆறிய நீரில் உப்பும் சமையல் சோடாவும் கலந்து கொப்பளிக்கச் சொல்லுங்கள். அமாவாசைக்குத் திருவள்ளூர் வீரராகவர் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்க வேண்டுதல் இருந்தால், வெள்ளை அணுக்களின் கவுண்ட் இறங்கியிருக்கும் நாட்களில் வீட்டார் போய்க் கரைத்துவிட்டு வரட்டும். நோயாளி அந்தக் கூட்டத்தில் நிற்க வேண்டாம்.

மருந்து ஏற்றி ஏழு முதல் பதினான்கு நாளுக்குள் வெள்ளை அணுக்கள் பெரும்பாலும் அடிமட்டத்துக்கு இறங்கும். அப்போது வரும் காய்ச்சலுக்குக் கிருமி இன்னதென்று தெரியும்வரை காத்திராமல் ஆன்டிபயாடிக் தொடங்க வேண்டும் என்பது 1971இல் ஷிம்ப் குழுவினர் வெளியிட்ட ஆய்விலிருந்து மருத்துவம் கற்ற பாடம். 1991இல் வந்த ஃபில்கிராஸ்டிம் ஊசி அணுக்களைச் சீக்கிரம் ஏற்ற உதவுகிறது. ஆனாலும் முதல் காவல் வீட்டில் இருக்கும் தெர்மாமீட்டர்தான். 100.4 டிகிரி காட்டினால் பாராசிட்டமால் கொடுத்து விடியட்டும் என்று இருக்காதீர்கள். ராத்திரி இரண்டு மணியானாலும் வண்டி பிடியுங்கள். அவசரப் பிரிவில் வாய் திறந்ததும் கீமோ நடக்கிறது என்பதை முதலில் சொல்லுங்கள்.